ஒரு சாண் சுண்ணாம்புக்கல்

நனைத்த கல்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த ஸ்பாஞ்சு நழுவி வாளிக்குள் விழுந்து, சட்டையெல்லாம் தண்ணீர். துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கல்லில் பெரிய மணல் மணிகள் மேலே இருந்தன, மாவுபோன்ற பொடி கீழே இருந்தது. இப்படி இருக்கவே கூடாது.

கொஞ்சம் பதறாமல் சொல்ல முயல்கிறேன். பதறாமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். சின்ன வயதில் அக்கா கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட செய்தியை, அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வாசலில் வைத்துச் சொன்னவள் நான். வயது ஏறியும் வாய் அடங்கவில்லை. அலுவலகத்தில் யாராவது தப்பாக ஒரு வார்த்தை எழுதினால் மூன்று அறை தள்ளிக் கேட்கும் என் குரல். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைப்பானேன்.

என் வேலை கல் கிடங்கில். பூமியைத் துளைத்து, கை பருமனில் நீள நீளமான கல் தண்டுகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். கோர் என்று சொல்வோம். அதை ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டுகளில், மேலே இருந்தது மேலே கீழே இருந்தது கீழே என்று வரிசை மாறாமல் அடுக்கி, கூரை வரை உயர்ந்த இரும்பு அலமாரிகளில் வைத்திருக்கிறோம். நான் படித்தது மணலும் சேறும். எந்த மணல் எந்தத் தண்ணீரில் எப்படிப் படிந்தது என்று பார்ப்பதே என் பிழைப்பு. என் அக்கா படித்தது பல். கல்லுக்குள் புதைந்திருக்கும், மண் துகள் அளவே இருக்கும் பற்கள். எந்தக் காலத்திலோ கடலில் நெளிந்துகொண்டிருந்த ஒரு பிராணியின் வாயில் இருந்தவை. அக்காவின் கணவர், அதாவது எங்கள் அத்தான், பல் மருத்துவர். "உங்க அக்கா பாக்கற பல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அது வலிக்குதுன்னு ராத்திரி போன் பண்ணாது" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தப் பற்களை வைத்து அக்கா ஒரு கோடு கண்டுபிடித்திருந்தாள். இருபது வருட உழைப்பு. அது எதற்கான கோடு என்று சொன்னால்தான் எனக்கு ஏன் உடம்பு ஆடிப்போயிற்று என்பது புரியும்.

பூமியின் வயதை நாங்கள் பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் அதைவிடச் சின்னது. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. கிடங்கில் நாங்கள் ஈயான், ஈரா, பீரியட், எபாக், ஏஜ் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஈயான் எல்லாவற்றையும் விழுங்கும் பெரிய பெட்டி, ஏஜ் கடைசிக் குட்டிப் பெட்டி. வேடிக்கை என்னவென்றால் எந்தப் பெட்டியும் இன்னொன்றின் அளவில் இருக்காது. பூமிக்கு வயது நானூற்று அறுபது கோடி வருடம் என்றால், அதில் முதல் நானூறு கோடியை மூன்றே மூன்று ஈயானில் சுருட்டிப் போட்டிருக்கிறோம். மிச்சமிருக்கும் ஐம்பத்துச் சொச்சம் கோடியைச் சுமார் நூறு ஏஜ்களாக நறுக்கியிருக்கிறோம். நாம் இருக்கும் ஏஜுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வருடம்தான் ஆகிறது. ஒன்றரைக் கோடி வருடத்துக்கும் மேலே நீளுகிற ஏஜும் உண்டு.

அத்தானுக்கு இது ஒரு தீராத சந்தேகம். "படிச்சவங்கதானே நீங்கள்லாம்? பேக்கரிக்காரன்கூட கேக்கை சமமா வெட்டறான். உங்களுக்கு ஏன் வெட்ட வரல?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டார் ஒருமுறை.

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை. "உங்க வாழ்க்கையை நீங்க பத்துப் பத்து வருஷமாவா பிரிச்சு வெச்சிருக்கீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு அப்புறம்னுதானே சொல்றீங்க?"

"முன்னாடிதான் நல்ல காலம்" என்றார் அத்தான், அடி வாங்கும் தூரத்திலிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டு.

அக்கா சொன்னதுதான் விஷயம். கடிகாரத்தைப் பார்த்து நாங்கள் வெட்டுவதில்லை. எங்கே பழைய உயிர் போய்ப் புதிய உயிர் வந்ததோ அங்கே வெட்டுகிறோம். ஒன்றுமே மாறாமல் கோடி வருடம் போனால் அது ஒரே பெட்டி. அடுத்தடுத்து மாறினால் அடுத்தடுத்துப் பெட்டி. அப்படி மாறிய இடம் துல்லியமாகத் தெரிகிற ஒரு கல்லை உலகத்தில் எங்காவது ஓரிடத்தில் தேர்ந்தெடுத்து, குழு கூடி, கை தூக்கி, இங்கேதான் எல்லை என்று ஒரு ஆணி அடிப்பார்கள்.

மிக நீளமான ஏஜ்களில் ஒன்றை இரண்டாக வெட்ட வேண்டும் என்பதுதான் அக்காவின் வழக்கு. பழைய வகைப் பல் ஒரு கோட்டோடு நின்றுபோகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே புதிய வகைப் பல் மட்டும். இரண்டும் ஒருபோதும் சேர்ந்து வருவதில்லை. கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. அது தெரிவது ஒரே ஒரு கல்லில். சாண் நீளம்கூட முழுசாக இல்லாத சுண்ணாம்புக்கல் துண்டு. கிடங்குச் சுவரில் தொங்கும் கால அட்டவணையில், அந்த நீளப் பெட்டியின் குறுக்கே அக்கா பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்திருந்தாள். மையால் போடும் நாள் இன்றுதான். பதினொரு மணிக்குக் குழு வந்து கல்லைப் பார்க்கும், பார்த்துவிட்டு இங்கேயே கை தூக்கும். அடுத்த மாதம் அக்காவுக்கு ஓய்வு.

அந்தத் துண்டை அக்கா யாரையும் தொட விட்டதில்லை. அது இருந்த தட்டோடு மேல் மாடியில் அவளுடைய அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். நான் கேட்டபோதெல்லாம் "உன் கையெல்லாம் சேறு" என்று விரட்டுவாள். நேற்று மாலை என்ன நினைத்தாளோ, தட்டோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "காலையில இதை நீயே நனைச்சுத் தயாரா வெச்சிடு" என்றாள். காய்ந்த சுண்ணாம்புக்கல் வெறும் சாம்பல் நிறக் கட்டை. நனைத்தால்தான் உள்ளே இருக்கும் அடுக்குகள் பளிச்சென்று எழுந்து வரும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக என் கையில் தருகிறாளே என்று காலையில் சீக்கிரமே வந்துவிட்டேன்.

நனைத்தேன். அடுக்குகள் எழுந்து வந்தன. எல்லாம் தலைகீழ்.

ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி மண்ணைப் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள். பெரிய மணிகள் முதலில் இறங்கும், மாவு மெல்ல மெல்லக் கடைசியில் வந்து படியும். கடலடியிலும் அதே கதைதான். ஒவ்வொரு அடுக்கிலும் பருமன் கீழே, மாவு மேலே. தட்டிலிருந்த மற்றத் துண்டுகளையும் நனைத்துப் பார்த்தேன். ஒழுங்காகப் பருமன் கீழே, மாவு மேலே. அக்காவின் துண்டில் மட்டும் ஏழெட்டு அடுக்கு, ஒன்று விடாமல் மாறி நிற்கிறது. ஒரு அடுக்கு மாறினால் ஏதோ காரணம் தேடலாம். எல்லாமே மாறினால் ஒரே காரணம்தான். துண்டைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

கல்லைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தேன். மங்கிப்போன மை அம்பு ஒன்று. அப்போது புரிந்தது. பொதுவாக ஒரு துண்டின் உடைந்த முனை அடுத்த துண்டின் முனையோடு பொருந்தும், திசை பற்றிக் கவலையில்லை. முனை நொறுங்கிப் பொருந்தாமல் போகும் துண்டுக்கு மட்டும் அம்பு போடுவோம். எங்கள் ஆட்களுக்கு அம்பு என்றால் மேல் பக்கம். துளை போடுகிறவர்களில் சிலருக்கு அம்பு என்றால் துளை இறங்குகிற பக்கம். துளை போட்ட இடத்தில் எவனோ ஒருவன் அவன் வழக்கப்படி அம்பு போட்டான். இங்கே வெட்டும் அறையில் எவளோ ஒருத்தி அவள் வழக்கப்படி அதைப் படித்தாள். நொறுங்கிய முனைகளை அழகாக அறுத்துச் சமமாக்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அமிலத்தில் கரைத்துப் பல் எடுக்க அக்காவிடம் கொடுத்தாள். இருவர் மேலும் தப்பில்லை. அவ்வளவுதான், இருபது வருடம்.

துண்டைச் சரியாகத் திருப்பினால் என்ன ஆகும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அக்காவின் கோடு துண்டின் மேல் முனைக்கு அருகில். அதற்குக் கீழே பழைய பல், மேலே புதிய பல். திருப்பினால் புதிய பல் அடிக்குப் போய்விடும். அதன் மேல் பழைய பல் வரும். அதற்கும் மேலே, அடுத்த துண்டில் மறுபடி புதிய பல். அதாவது புதியது வந்தது, போனது, பழையது இருந்தது, மறுபடி புதியது வந்தது. கத்தி வெட்டும் இல்லை, கோடும் இல்லை. இரண்டும் வெகுகாலம் ஒரே கடலில் வந்தும் போயும் இருந்திருக்கின்றன. வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இத்தனை வருடமாக எல்லோரும் பல்லைப் பார்த்தார்கள், பல் இருந்த கல்லை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் ஸ்டூலில் இடிந்துபோய் உட்கார்ந்தேன்.

வாசலில் அத்தானின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா புது நீலச் சட்டையில் இருந்தாள். தலைமுடியைக்கூட எங்கோ போய் வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன லவுட்ஸ்பீக்கர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் அத்தான். சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். "குழு ஒரு ஆணி அடிக்குமாம், ஆனா அதை செய்ய ஆறு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் கல்லுப் பக்கத்துல ஒண்ணுமில்லாம வெறுமனேவா கிடக்கணும்? பல்லு செட்டு வார்க்கற ஆள்கிட்ட சொல்லி நானே செஞ்சுட்டேன்." பித்தளை ஆணி. தலை நாணயம் அளவு. ஓரத்தில் யார் கண்ணிலும் படாத அளவில் அக்கா பெயரின் முதல் எழுத்து.

"அத்தான், கார்ல தண்ணி பாட்டில் இருக்குமே, கொண்டு வர்றீங்களா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் விசிலடித்துக்கொண்டே போனார்.

"அக்கா, கல்லு தலைகீழா இருக்கு."

அவள் முகத்தில் ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். அவள் கைப்பையை மேசையில் வைத்தாள், ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். அப்படி ஒரு நாள் வரும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"போன மழைக்காலத்துல போட்டோ எடுக்க நனைச்சேன். பாத்தேன். அதுக்குள்ள குழுவுக்கு மனு அனுப்பி ரெண்டு மாசம் ஆயிடுச்சு."

"தெரிஞ்சும்..."

"தெரிஞ்சும்தான்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அந்த ஏஜ் ரொம்ப நீளம். வெட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க. இங்க இல்லன்னா வேற எங்கயாவது வெட்டுவாங்க. கல்லுக்குத் தெரியுமா, தன் மேல கோடு இருக்குன்னு? கை தூக்கினா எல்லை, தூக்கலன்னா இல்ல. ஒவ்வொரு கோடும் அப்படி நாலு பேர் உக்காந்து பேசி முடிச்சதுதானே? பத்து வருஷம் கழிச்சு எவனாவது வந்து மாத்தினா மாத்திட்டுப் போகட்டும். எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுடைய காதுக்குப் பின்னால் முடி வெட்டியவர் விட்டுவிட்ட ஒரு நரைமுடிக் கற்றையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தது இந்தக் கல்லுக்காகத்தான் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். வெளியூர்ப் பெரிய வேலை வந்தபோது போகாததும் இதற்காகத்தான். என் தலை தானாக ஆடியது. சரி என்று ஆடியது.

அக்கா என் தலை ஆடுவதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அத்தான் தண்ணீர் பாட்டிலோடும், பின்னாலேயே குழுவோடும் உள்ளே வந்துவிட்டார்.

ஐந்து பேர். தலைவர் நெட்டை மனிதர், குனிந்து குனிந்தே பழகிவிட்ட முதுகு. இன்னொரு அம்மாள் கழுத்தில் நூலில் கட்டிய லென்ஸ். மற்ற மூவரும் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல ஆளுக்கொரு அலமாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பத்து நிமிடம் பேசினாள். தெளிவான பேச்சு, ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"கல்லு காஞ்சு போச்சே. கொஞ்சம் நனைங்களேன், பாத்துடுவோம்" என்றார் தலைவர்.

ஸ்பாஞ்சு என் கையில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் என்னையே பார்த்தாள், இமைக்காமல். நான் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். சரி, நான் சொல்ல வேண்டாம், கல்லே சொல்லட்டும், ஐந்து நிபுணர்கள் இருக்கிறார்கள், நனைத்ததும் பிடித்துக்கொள்வார்கள், என் தலையில் பாவம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு நனைத்தேன். நனைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுக்குகள் எழுந்து வந்தன. ஒவ்வொன்றும் நான் தலைகீழ், நான் தலைகீழ் என்று கத்துகிறது.

தலைவர் குனிந்தார். லென்ஸ் அம்மாள் லென்ஸைக் கண்ணில் வைத்து, கோடு இருக்கும் இடத்தில், கோடு இருக்கும் இடத்தில் மட்டும், மூக்குப் பட வைத்துப் பார்த்தார். மூன்று பேரும் முறை வைத்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

"அழகான எல்லை" என்றார் லென்ஸ் அம்மாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கு. இதுக்கு மேல பேச என்ன இருக்கு? கை தூக்கிடலாமே" என்றார் தலைவர்.

நான் அதிர்ந்துபோனேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை! கண் முன்னால் நிற்கிறது, ஐந்து பேர், பத்துக் கண், ஒரு லென்ஸ், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அத்தான் பூரித்துப்போய் ஆணியை வெளியே எடுத்தார். ஒரு கை உயர்ந்தது. இரண்டாவது கை உயர்ந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் குழுவைப் பார்க்கவில்லை. இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் தாழ்த்தி வாளியைப் பார்த்தேன்.

மூன்றாவது கை உயர்ந்தபோது அக்கா மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். தட்டு குதித்தது.

"எங்க பாக்கறீங்க?"

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன.

"கோட்டைப் பாத்தீங்க. கல்லைப் பாத்தீங்களா? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கெல்லாம்?" அந்தக் குரலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கத்துவது என் வேலை, அவளுடையது அல்ல. "இருபது வருஷத்தை இதுல கொட்டியிருக்கேன். அஞ்சு பேர் வந்து அஞ்சு நிமிஷம் ஒழுங்கா பாக்க மாட்டீங்களா? கழுத்துல லென்ஸ் எதுக்கு? அழகுக்கா?"

"மேடம்..." என்றார் தலைவர்.

"பருமன் எங்க இருக்கு, மாவு எங்க இருக்கு? முதல் வருஷப் பாடம் சார் இது!" அவள் துண்டை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு தலைகீழாகத் திருப்பித் தட்டில் வைத்தாள். "இப்ப பாருங்க."

தலைவர் குனிந்தார். இந்த முறை மெதுவாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. லென்ஸ் அம்மாள் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படின்னா எல்லை..."

"இல்ல. புதுசு முன்னாடியே வந்திருக்கு. போயிட்டு மறுபடியும் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணாவே இருந்திருக்கு. அந்த ஏஜ் நீளமாவே இருக்கட்டும். எழுதிக்கோங்க."

"நீங்க சொல்லலன்னா நாங்க..." என்று ஆரம்பித்த தலைவர் முடிக்கவில்லை. தன் கை இன்னும் பாதி தூக்கியபடி இருப்பதை அப்போதுதான் கவனித்து, அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கிடங்கு வெறிச்சென்று இருந்தது. அத்தான் ஆணியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. "அப்போ இதை என்ன பண்றது?" என்றார்.

"வீட்டுல வைங்க. என் பேரு போட்டிருக்கீங்கல்ல, எனக்குத்தானே அது" என்றாள் அக்கா. அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு, காரைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று வெளியே போனார். கார் ஏற்கெனவே திரும்பித்தான் நின்றது.

அக்கா சுவர் அட்டவணையருகே போய், ரப்பரால் அந்தப் பென்சில் கோட்டை அழித்தாள். பழைய பென்சில், முழுசாகப் போகவில்லை. அழித்த இடம் வெளுத்து, பெட்டி முன்னைவிட நீளமாகத் தெரிந்தது. நான் வாளி பக்கத்திலேயே நின்றேன். பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

"ஆறு மாசமா தூக்கம் இல்லடீ எனக்கு" என்றாள், முதுகைக் காட்டியபடியே. "சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். காத்துதான் வரும். தலைவருக்குப் போன் போட்டு, மழை எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வெச்சிருக்கேன். என்னால ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம்தான் தோணிச்சு, நமக்குத்தான் வீட்டுலயே ஒருத்தி இருக்காளே, அவ கண்ணுல பட்டா போதுமே, ஊருக்கே கேட்டுடுமேன்னு."

"அதுக்காகத்தான் என்னை நனைக்கச் சொன்னியா?"

"பின்ன? உன் கையில இருந்த சேறெல்லாம் திடீர்னு காணாம போயிடுச்சுன்னா நினைச்சே?"

"அப்போ காலையில அவ்வளவு நியாயம் பேசினியே. கல்லுக்குத் தெரியுமா, கை தூக்கினாதான் எல்லைன்னு..."

"நீ கோவப்பட்டுக் கத்தணும்னு பேசினேன். நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன், ஒவ்வொண்ணும் உனக்கு எரியற மாதிரி. நீ என்னடான்னா தலையை ஆட்டற." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் இருந்தது அழுகையல்ல, ஆச்சரியம். என்னைப் புதிதாகப் பார்க்கிற ஆச்சரியம். "மூணாவது கை தூக்கற வரைக்கும் உன் வாயைத்தான் பாத்துட்டு நின்னேன். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு. நான் சொல்லலன்னா நீ சொல்லியிருப்பியா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அது ஒன்றுதான் எனக்கு வாய்த்த நல்ல குணம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

"மாட்டேன்" என்றேன்.

"கணக்குல நான் ஃபெயிலானதை வாசல்லயே சொன்னவ. இன்னிக்கு மட்டும் ஏன்டீ?"

"உனக்காகத்தான்." சொல்லும்போதே என் குரல் எங்கோ பள்ளத்திலிருந்து வந்தது.

அக்கா வாளியருகே வந்தாள்.

"எனக்காகத்தான் நீ கத்தியிருக்கணும்" என்றாள். பிறகு என் கையிலிருந்து ஸ்பாஞ்சை வாங்கி, நன்றாகப் பிழிந்து, வாளியின் விளிம்பில் காயப் போட்டாள்.